மாமனார் ஊரில் ஒரு வாய்க்கால்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு இருபதுக்கு என் வீட்டு வாசலில் ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது.

வண்டியிலிருந்து முதலில் நான்கு இளநீர்க் குலைகள் இறங்கின. அப்புறம் ஒரு கூடை. அதன் பிறகு நஞ்சப்பக் கவுண்டர். கடைசியாக அவருடைய மாப்பிள்ளை குமாரசாமி, என் பழைய மாணவன், தலையைக் குனிந்துகொண்டே இறங்கினான்.

"ஒரு சேதி சொல்லிப்போட்டுப் போலாம்னு வந்தோமுங்க, வாத்தியாரய்யா" என்றார் கவுண்டர்.

சொன்னார். கேட்டதும் நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது... நல்ல சேதிதான். யாருக்கும் வாழ்த்துச் சொல்லத் தோன்றும் சேதி. ஆனால் எனக்கு மட்டும் ஒரு வாய்க்கால் ஞாபகம் வந்துவிட்டது. மூன்று வருஷத்துக்கு முந்திய வாய்க்கால். அகலம் ஒன்பது அங்குலம்.

அந்த வாய்க்காலைத் தெரிந்துகொள்ளாமல் சேதியைக் கேட்டால் நீங்கள் சிரிக்க மாட்டீர்கள். ஆகவே முதலில் வாய்க்கால்.

என் டயரியைப் பற்றி, இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சாம்பாரில் உப்பு அதிகம் என்று எழுதினால், எத்தனை மணிச் சாம்பார் என்றும் எழுதுகிறவன் நான். வீட்டில் இதை வியாதி என்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் திறமை என்கிறார்கள். அதனால்தான் அந்த வருஷம் ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "டிசம்பர் லீவில் பையன்களுக்கு ஐந்து நாள் கேம்ப். திட்டம் உங்களுடையது" என்றார்.

அன்று மாலையே திட்டம் தயார். முதல் பாரத்திலிருந்து பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் பாரம் வரை நாற்பத்திரண்டு பையன்கள். ஏழு ஏழு பேராக ஆறு அணிகள். ஒவ்வொரு அணியிலும் பெரியவனும் இருப்பான், பொடியனும் இருப்பான். சமையல், தண்ணீர், பாத்திரம், மண் வேலை எல்லாம் பையன்களே செய்ய வேண்டும். அணிக்கு ஒரு லீடர். அந்த லீடர் தினமும் மாறுவான். யார் என்பதைச் சீட்டுப் போட்டு எடுப்போம்.

இதில்தான் எனக்குப் பெருமை அதிகம். ஆறாம் பாரத்துப் பையன் ஒரு நாளாவது முதல் பாரத்துப் பையன் சொல்வதைக் கேட்டு நடக்க வேண்டும். கட்டளையிடத் தெரிந்தவன் கட்டுப்படவும் கற்றுக்கொள்வான் அல்லவா? டிரில் மாஸ்டர் தேவசகாயம் மட்டும் மீசையைத் தடவிக்கொண்டு, "பேப்பர்ல நல்லாத்தான் இருக்குதுங்க சார்" என்றார். அதைப் பாராட்டு என்று நான் அப்போது நினைத்தேன்.

அடுத்தது இடம். பல்லடம் பக்கம் ஒன்று பார்த்தேன். நிழல் போதவில்லை. கணபதி கிராமத்துக்கு வடக்கே ஒன்று பார்த்தேன். ஊருக்கு ரொம்பக் கிட்டம். சாயங்காலம் ஆனால் அம்மாமார்கள் பலகாரத்தோடு வந்துவிடுவார்கள். கடைசியில் கிணத்துக்கடவு ரயிலடியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தென்னந்தோப்பு கிடைத்தது. நடந்தால் நாற்பத்தொரு நிமிஷம். இரண்டு முறை நடந்து பார்த்துச் சொல்கிறேன். கிணற்றில் தண்ணீர் உண்டா? உண்டு. நிழல்? உண்டு. பாம்பு? உண்டு, ஆனால் அபூர்வம். இப்படிப் பதினொரு கேள்விகள் எழுதி, பதினொன்றுக்கும் விடை எழுதி, கீழே கோடும் போட்டுவிட்டேன்.

பன்னிரண்டாவதாக ஒரு கேள்வி இருந்தது. அது எனக்குத் தோன்றவில்லை.

குமாரசாமி அப்போது ஆறாம் பாரம். வயது பத்தொன்பது. பல்லடத்துப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, ஹாஸ்டலில் தங்கிப் படித்தான். அந்த வைகாசியில்தான் அவனுக்குக் கல்யாணம் நடந்திருந்தது. இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எங்கள் ஆறாம் பாரத்தில் கல்யாணமானவர்கள் மூன்று பேர். கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டு வந்த வாத்தியார், மறு வாரம் அதே பையனைப் பெஞ்சு மேல் ஏற்ற முடியாமல் தவித்த கதையெல்லாம் உண்டு. அது வேறு வாரத்துக்கு.

போத்தனூரில் ரயில் ஏறினோம். கிணத்துக்கடவில் இறங்கினோம். வரிசையாக நடந்தோம். எல்லாரும் காக்கி அரை நிஜார். அரை மைல் போனதும் பாதை இரண்டாகப் பிரியும். நாங்கள் வலது பக்கம் திரும்பினோம். உடனே வரிசையின் நடுவிலிருந்து ஒரு குரல்.

"சார்... இந்தப் பாதையிலயா போறோம்?"

"ஆமாம்."

"இடது பக்கம் போனா நல்ல தோப்பு இருக்குதுங்க சார்."

"இங்கேயும் நல்ல தோப்புதான். நட."

டயரியில் அன்று இப்படி இருக்கிறது: 'மணி 3.40. குமாரசாமி முகம் வெளுத்திருக்கிறது. அஜீரணமாக இருக்கலாம். ஓம வாட்டர் ஒரு அவுன்ஸ் கொடுத்தேன்.'

அஜீரணம் இல்லை என்பது ஐந்தேகாலுக்குத் தெரிந்தது. பையன்கள் கூடாரம் அடித்துக்கொண்டிருந்தார்கள். முதல் பாரத்துப் பையன்கள் இரண்டு பேர் அம்மாவை நினைத்து அழுது முடித்துவிட்டு, ஓணான் பிடிக்கப் போயிருந்தார்கள். ஆறாம் பாரத்துக்காரர்கள் தென்னை மரத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்டு வகிடு எடுத்துக்கொண்டிருந்தார்கள். குமாரசாமி மட்டும் என் ஸ்டூலுக்குப் பின்னால் வந்து நின்றான்.

"சார், அதா தெரியுதுங்களே கரை... அதுக்கு அந்தப் பக்கம் பெரிய தோட்டமுங்க."

"சரி."

"எங்க மாமனாருதுங்க."

நான் பென்சிலைக் கீழே வைத்தேன்.

"ஊருக்கு வந்த மாப்பிள்ளை ஊட்டுக்குப் போகாம தோப்புல தங்கறதே தப்புங்க. போலாம்னா, இந்த அரை நிஜாரோட மாமனார் முன்னால எப்படிங்க சார் போய் நிக்கறது?"

நியாயமான கேள்வி. ஆனால் விஷயம் நிஜாரோடு நிற்கவில்லை. அவன் மாமனாருக்கு ஒரே மகள். தென்னையும் சோளமும் கிணறுமாகப் பெரிய தோட்டம். பார்த்துக்கொள்ள ஆண்பிள்ளை இல்லை. "எழுதப் படிக்கத் தெரிஞ்சுபோச்சு, இன்னும் எதுக்குங்க மாப்பிள்ளை படிப்பு? பொங்கலோட நிறுத்திப்போட்டுத் தோட்டத்துக்கு வந்துருங்க" என்று சொல்லிவிட்டாராம். குமாரசாமிக்குக் காலேஜுக்குப் போக வேண்டும் என்று ஆசை. தன் அப்பாவைத் தூது விட்டுப் பார்த்ததில், "ரோசனை பண்றேன்" என்ற பதில் மட்டும் வந்திருந்தது. அந்த ரோசனை இன்னும் முடியவில்லை.

"இப்ப நான் பாத்திரம் தேய்க்கறதை, மண்ணு வெட்டறதை அவங்க பாத்தாங்கன்னா என்ன சொல்லுவாங்க தெரியுங்களா சார்? பள்ளிக்கூடத்துல இந்த வேலைதான் செய்யறாருன்னா, அதை நம்ம தோட்டத்துலயே வந்து செய்யட்டுமேன்னு சொல்லிப்போடுவாங்க. எம் படிப்பு அதோட சரிங்க."

அந்த வாதத்தில் ஓட்டை எங்கே என்று நானும் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

"நாலு நாளைக்கு எனக்குக் காய்ச்சல்னு எழுதிக்குங்க சார். கூடாரத்துக்குள்ளயே படுத்துக்கறேன்."

"காய்ச்சல் இருக்குதா?"

"இல்லீங்க."

"அப்புறம் எப்படி எழுதறது?"

இருந்தாலும் ஒரு சந்தேகத்துக்குத் தர்மாமீட்டரை எடுத்து அவன் வாயில் வைத்தேன். தொண்ணூற்றெட்டுப் புள்ளி நான்கு. ஒரு கோடு மேலே இல்லை, ஒரு கோடு கீழே இல்லை. இவ்வளவு ஆரோக்கியமான உடம்பை வைத்துக்கொண்டு ஒருவன் இவ்வளவு துக்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

அட்டவணையை மாற்றியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் கேட்டாள். ஒருவனுக்கு மாற்றினால் நாற்பத்தொரு பேருக்குக் காரணம் சொல்ல வேண்டாமா? மண் வேலைக்குப் பதில் மாமனார் என்று எழுத முடியுமா? எழுதினது எழுதினதுதான் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது கொஞ்சம் கம்பீரமாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை ஆறு ஐம்பதுக்குப் பால் கொண்டுவந்த அம்மாள் குடத்தை இறக்கினாள். அடுப்படியில் இருந்த குமாரசாமி சட்டென்று சோற்றுப் பானையின் மூடியை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டான்.

"ஏனுங்க, அது நம்ம பெரிய தோட்டத்து மாப்பிள்ளையில்லீங்களா?"

"இல்லீங்க" என்றது மூடி.

"கொரலும் அப்படியே இருக்குதுங்களே!"

அவள் பாலை அளந்து ஊற்றிவிட்டுப் போனாள். போகிற வேகத்தைப் பார்த்தேன். வந்த வேகத்தைப்போல் இரண்டு மடங்கு. அன்று பகல் முழுக்கக் குமாரசாமி கரைப் பக்கம் பார்த்துக்கொண்டே வெங்காயம் உரித்தான். யாரும் வரவில்லை. எனக்குப் பிற்பாடுதான் தெரியும்: வராமல் இருக்கவில்லை, சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள்.

அன்று குமாரசாமி இருந்த நான்காம் அணிக்கு மண் வேலை. பாத்திரம் கழுவுகிற தண்ணீர் அடுப்படிப் பக்கமே தேங்கி நின்றது. அங்கிருந்து தென்னை வரிசை வரைக்கும் ஒரு வாய்க்கால் வெட்ட வேண்டும். மற்றவர்கள் கல் பொறுக்கிக் கரை கட்ட வேண்டும். மம்முட்டி குமாரசாமியிடம். சீட்டில் லீடராக வந்தவன் ரங்கசாமி.

ரங்கசாமி முதல் பாரம். கணபதிக்காரன். அவன் அப்பா பட்டறை வைத்திருக்கிறார். உயரம் நான்கடி ஒரு அங்குலம். கழுத்தில் விசில். அன்று காலை அந்த விசில் கைக்கு வந்த நிமிஷத்திலிருந்து அவன் மனிதப் பிறவியாக இல்லை, சட்டமாக மாறியிருந்தான். கேம்ப் ரூல்கள் பன்னிரண்டும் அவனுக்கு மனப்பாடம். எழுதிய எனக்கே அவ்வளவு மனப்பாடம் இல்லை.

"அண்ணா, நேரா வெட்டுங்க. கோணலாப் போனா மார்க்கைக் கொறைச்சுப்போடுவேனுங்க."

குமாரசாமி நேராகத்தான் வெட்டினான். ஜியோமெட்ரியில் கெட்டிக்காரன். இரண்டு முளைக்குச்சி அடித்து, நடுவே கயிறு கட்டி, அந்தக் கயிற்றுக்குக் கீழே வெட்டிக்கொண்டே போனான். நான் அடிக்கோலை வைத்து ஆறு இடத்தில் அளந்தேன். ஆறு இடத்திலும் ஒன்பது அங்குலம். டயரியில் 'மிக நேர்த்தி' என்று எழுதினேன். அந்த வரியை இன்னும் அடிக்கவில்லை. ஒரு பாடமாக இருக்கட்டும் என்று வைத்திருக்கிறேன்.

மணி பத்து பத்து. கரைமேல் ஒரு வண்டி தெரிந்தது. அதன் பின்னால் இன்னொன்று.

முதல் வண்டியில் நஞ்சப்பக் கவுண்டர். தலையில் உருமாலை, தோளில் சரிகைத் துண்டு. கூடவே பங்காளிகள் நான்கு பேர். இரண்டாவது வண்டி நிறையக் கூடைகளும் தூக்குப் போசிகளும் இருந்தன. வீட்டுக்கு வராத மாப்பிள்ளைக்கு விருந்து வீட்டை விட்டு வந்திருந்தது.

கவுண்டர் இறங்கினார். நாலு எட்டு நடந்தார். நின்றார்.

எதிரே அவருடைய ஒரே மாப்பிள்ளை. அரை நிஜார். முழங்கால் வரை சேறு. கையில் மம்முட்டி. முன்னால் ஒரு பொடியன், இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

குமாரசாமியின் கையிலிருந்து மம்முட்டி நழுவியது.

"அண்ணா! நிறுத்தச் சொல்லி நான் இன்னும் விசில் ஊதலீங்களே!" என்றான் ரங்கசாமி.

கவுண்டர் அவனைப் பார்த்தார். "கண்ணு, நீ ஆரு?"

"லீடருங்க."

"ஆருக்கு?"

"இவருக்குங்க."

பங்காளிகளில் ஒருவர் இருமினார். கவுண்டர் துண்டை உதறித் தோளிலிருந்து எடுத்து வண்டிமேல் போட்டார். "மாப்பிள்ளை கையில மம்முட்டியப் பாத்துக்கிட்டு நாங்க நிக்கறதுங்களா? குடுங்க இப்படி" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலுக்குள் காலை வைத்தார். அவர் வைத்ததும் பங்காளிகள் நான்கு பேரும் வைத்தார்கள். பெரியவர் குனியும்போது அவர்கள் நிமிர்ந்து நிற்க முடியுமா?

கீச்சென்று விசில்.

"கேம்ப்புல இல்லாதவங்க வேலை செய்யக் கூடாதுங்க. ரூல் ஏழுங்க."

கவுண்டர் என்னைப் பார்த்தார். ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். ரூல் ஏழு நான் எழுதியது. நீலப் பென்சிலால் அடிக்கோடும் போட்டது. "ஆமாங்க" என்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு மெல்லிய குரலில் நான் ஒரு ரூலை ஆதரித்ததில்லை.

சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. சட்டம் என்றால் மதிக்கிற மனிதர் அவர். காலை எடுத்துக்கொண்டு, துண்டையும் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார். நான் கொடுத்த ஸ்டூலில் உட்கார மறுத்துவிட்டு, ஒரு தென்னை மரத்தின் கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முகம் இறுகியிருந்தது. குமாரசாமி மம்முட்டியை எடுத்தான். அவன் வெட்டிய ஒவ்வொரு வெட்டும் தன் படிப்பின் மேலேயே விழுவது மாதிரி வெட்டினான்.

இங்கேதான் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது.

முதல் ஐந்து நிமிஷம் கவுண்டர் மாமனாராகப் பார்த்தார். அவமானம் தாங்கவில்லை. ஆறாவது நிமிஷத்திலிருந்து அவரையும் அறியாமல் குடியானவராகப் பார்க்க ஆரம்பித்தார். அது இன்னும் தாங்கவில்லை.

"மாப்பிள்ளை... காலை அக்கட்ட வைங்க, வெட்டிக்குவீங்க."

இரண்டடி முன்னால் வந்தார்.

"மம்முட்டியத் தூக்கி எறியாதீங்க. அது பாரத்துக்கு அதுவே எறங்குமுங்க."

இன்னும் இரண்டடி. திடீரென்று பங்காளிகளைப் பார்த்தார். அவர்களும் அவரைப் பார்த்தார்கள். ஐந்து பேரும் வாய்க்காலைப் பார்த்தார்கள்.

"மாப்பிள்ளை, அந்தப் பக்கம்..." என்று ஆரம்பித்தார்.

கீச்.

"ரோசனையும் சொல்லக் கூடாதுங்க. அதும் ரூல் ஏழுதானுங்க."

"இல்ல கண்ணு, அது வந்து..."

"ரூல் ஏழுங்க."

கவுண்டர் துண்டின் முனையை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டார்.

மணி பதினொன்று ஐந்து. வாய்க்கால் தயார். டிரில் மாஸ்டர் தேவசகாயம் வந்து சல்யூட் வாங்கிக்கொண்டு, "தண்ணி உடு!" என்றார். பாத்திரம் கழுவி வைத்திருந்த இரண்டு அண்டாத் தண்ணீரையும் ஒரே சமயத்தில் கவிழ்த்தார்கள்.

தண்ணீர் வாய்க்காலில் இறங்கியது. நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியது. மூன்று கஜம் ஓடியது. அங்கே நின்று சற்று யோசித்தது. பிறகு வந்த வழியே திரும்பியது.

தென்னை வரிசை மேட்டில் இருந்தது. அடுப்படி பள்ளத்தில் இருந்தது. நான் அகலம் அளந்தேன், நீளம் அளந்தேன், ஆழம் அளந்தேன். தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பதைத் தண்ணீரிடம் விட்டுவிட்டேன்.

திரும்பி வந்த தண்ணீர் மூன்று அடுப்புகளுக்குள்ளும் நுழைந்தது. புஸ்ஸென்று ஒரு சத்தம், ஒரு வெள்ளைப் புகை. நாற்பத்திரண்டு பேருக்கான சோறு, முக்கால் வேக்காட்டில், சாம்பல் தண்ணீருக்கு நடுவில் தீவு மாதிரி நின்றது.

ஓணான் பிடிக்கிறவர்கள்கூட ஓணானை விட்டுவிட்டார்கள்.

கவுண்டர் துண்டைப் பல்லிலிருந்து எடுத்தார். "அதைத்தானுங்க சொல்ல வந்தேன்" என்றார்.

இனி சமைக்க வேண்டுமானால் விறகு காய வேண்டும். பையன்கள் வயிற்றைத் தடவ ஆரம்பித்துவிட்டார்கள். வண்டியிலிருந்து கூடைகளின் வாசனை வந்துகொண்டிருந்தது. வெளிச் சாப்பாடு கூடாது என்பது ரூல் ஒன்பது. தேவசகாயம் என் காதருகே குனிந்து, "ஒன்பதுக்கு ஒரு திருத்தம் எழுதுங்க சார். பென்சில் வேணுங்களா?" என்றார்.

எழுதினேன். 'வெள்ளம் நீங்கலாக.'

"மாப்பிள்ளைக்கு இலை போடுங்க" என்றார் கவுண்டர்.

"ஒருத்தர் மட்டும் தனியாச் சாப்புடக் கூடாதுங்க. ரூல் மூணுங்க" என்றான் ரங்கசாமி. ஆனால் இந்த முறை குரலில் சட்டம் கொஞ்சம் குறைந்து, பசி கொஞ்சம் கூடியிருந்தது.

"அப்பறம் என்ன கண்ணு, எல்லாரும் உக்காருங்க."

ஒரு மாப்பிள்ளைக்கு எவ்வளவு கொண்டுவருவார்கள்? இடியாப்பம் மாதிரிப் பிழிந்த சந்தவை இரண்டு கூடை. அதற்குத் தேங்காய்ப் பால் இரண்டு தூக்கு. வெல்லப் பூரணம் வைத்த ஒப்புட்டு ஒரு கூடை. நெய் தனி. பழம் ஒரு தார். நாற்பத்திரண்டு பையன்களும் இரண்டு வாத்தியார்களும், கூடவே கவுண்டரும் பங்காளிகளும் சாப்பிட்டோம். அதற்குப் பிறகும் ஒப்புட்டு மிச்சம் இருந்தது. ஒருவன் தனியாக உட்கார்ந்து இதையெல்லாம் தின்று முடித்தால்தான் மரியாதை என்றால், மாப்பிள்ளையாக இருப்பதும் லேசான வேலையில்லை என்று தோன்றியது.

சாப்பிட்டு முடித்ததும் கவுண்டர் ரங்கசாமியிடம் போனார். கேட்டார் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. என்னிடம் கேட்கவில்லை, அவனிடம் கேட்டார்.

"ஏனுங்க லீடரு, இப்பவாச்சும் அந்த வாய்க்காலைத் திருத்தலாமுங்களா?"

ரங்கசாமி யோசித்தான். விரலில் ஒட்டியிருந்த வெல்லத்தை நக்கினான். "கேம்ப்புச் சாப்பாடு சாப்பிட்டவங்க எல்லாம் கேம்ப்தானுங்க. நீங்களும் சாப்பிட்டீங்கல்ல? ஏழாவது அணிங்க நீங்க."

விசில் ஊதுவதற்குள் ஐந்து பேரும் வாய்க்காலில் இறங்கிவிட்டார்கள். பன்னிரண்டு நிமிஷம். கடிகாரம் பார்த்துச் சொல்கிறேன். பள்ளம் பார்த்து வளைத்து, ஒரு பாத்தி கட்டி, தாழ்வாக இருந்த பாதி வரிசைத் தென்னைக்குத் தண்ணீரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். வாய்க்கால் கோணலாக இருந்தது. தண்ணீர் நேராகப் போயிற்று.

அப்புறம் கவுண்டர் வந்து என் ஸ்டூலுக்கு எதிரே உட்கார்ந்தார். குமாரசாமி பத்தடி தள்ளி, மூடி கையில் இல்லாத குறையாக, நின்றான்.

"அந்த நோட்டுல எல்லாத்துக்கும் மார்க்குப் போடறீங்களாமா?"

"ஆமாங்க."

"எனக்கு எவ்வளவுங்க?"

"பத்துக்கு ஒன்பது."

"ஒன்னு எதுக்குங்க கொறைச்சீங்க?"

"விசில் ஊதறதுக்கு முன்னாலேயே ஆரம்பிச்சுட்டீங்க."

தலையை ஆட்டி ஒப்புக்கொண்டார். "மாப்பிள்ளைக்கு?"

இதோ, வந்துவிட்டது. நான் குமாரசாமியைப் பார்த்தேன். அவன் கண் என்னைக் கெஞ்சியது. என்ன செய்ய? எழுதினது எழுதினதுதான்.

"ரண்டு."

"ரண்டு எதுக்குங்க?" என்று ஆச்சரியப்பட்டார். ஏன் இவ்வளவு குறைச்சல் என்று கேட்கவில்லை. ஏன் அந்த இரண்டு என்றுதான் கேட்டார்.

"ஒன்னு, நேரா வெட்டினதுக்கு. இன்னொன்னு, அந்தப் பொடியன் சொன்னதைக் கேட்டதுக்கு."

"படிப்புல எப்படிங்க?"

நோட்டைப் புரட்டினேன். "கணக்குல எழுபத்தெட்டு. இங்கிலீஷ்ல அறுபத்தொண்ணு. கிளாஸிலே மூணாவது."

கவுண்டர் நீண்ட நேரம் அடுப்படியைப் பார்த்தார். ஈரச் சாம்பல், அதில் நிற்கும் பானை. பிறகு கரைக்கு அந்தப் பக்கம், தன் தோட்டம் இருக்கும் திசையைப் பார்த்தார். அவர் மனக்கண்ணில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரிந்தது. நேரான வாய்க்கால்கள். எல்லாம் வீட்டை நோக்கி.

"எங்க பாட்டன் வெட்டின கெணறுங்க அது" என்றார் மெதுவாக. "வேண்டாமுங்க. மாப்பிள்ளை படிக்கட்டும்."

குமாரசாமி காதில் விழுந்தது. நம்பவில்லை.

"காலேஜுக்குமுங்களா மாமா?"

"எங்க வேணும்னாலும் போய், எவ்வளவு வேணும்னாலும் படிங்க மாப்பிள்ளை. தோட்டத்த நான் இருக்கற வரைக்கும் நானே பாத்துக்கறேன். பொறவு பேரன் வந்து பாத்துக்கட்டும்."

வண்டிகள் போன பிறகு குமாரசாமியைத் தனியாகக் கூப்பிட்டேன். எனக்கு ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டிருந்தது. "உண்மையைச் சொல். வேணும்னுதானே மேட்டைப் பார்த்து வெட்டினாய்?"

அவன் முகத்தில் நிஜமான வருத்தம். "இல்லீங்க சார். நான் நல்லாத்தானுங்க வெட்டினேன்."

ஊருக்குத் திரும்பியதும் என் பதினொரு கேள்விகளுக்குக் கீழே போட்ட கோட்டை அழித்துவிட்டுப் பன்னிரண்டாவதை எழுதினேன். 'ஐந்து மைல் சுற்றளவில் எந்தப் பையனுக்காவது உறவு உண்டா?' மறு வருஷக் கேம்ப்புக்கு அந்தக் கேள்வியைப் பையன்களிடம் கொடுத்துப் பதில் வாங்கினேன். அத்தை, சித்தப்பா, அக்கா வீட்டுக்காரர், பேசி முடித்திருக்கிற பெண் வீடு... எல்லாவற்றையும் படத்தில் புள்ளி வைத்துப் பார்த்தேன். ஜில்லாவில் புள்ளி விழாத இடமாக மிஞ்சியது ஒரு மலை உச்சி. அங்கே தண்ணீர் இல்லை.

பையன்களை உறவிலிருந்து ஐந்து நாள் பிரித்து, தன் காலில் நிற்கப் பழக்குவதுதான் கேம்ப் என்கிறார்கள். நல்ல கொள்கை. ஆனால் நம் பக்கத்தில் ஒருவன் தன் காலில் நிற்கலாம் என்று காலை எங்கே வைத்தாலும், அங்கே ஒரு ஒரம்பரை, அதாவது உறவுக்காரர், வந்து, "வாங்க, சாப்புட்டுப் போலாமுங்க" என்கிறார். என்ன செய்வது? சாப்பிட்டுவிட்டு அப்புறம் நிற்க வேண்டியதுதான்.

சரி, சேதிக்கு வருகிறேன்.

குமாரசாமி பள்ளிப் படிப்பு முடித்தான். இன்டர்மீடியட் போனான். அதிலும் நல்ல மார்க். இப்போது மேல் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. எதில் என்று கேட்கிறீர்களா?

விவசாயக் காலேஜில்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நான் சிரித்தது அதற்குத்தான். கவுண்டர் சிரிக்கவில்லை. இளநீரை என் பக்கம் நகர்த்திவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "அந்தக் காலேஜ்ல மம்முட்டி குடுப்பாங்களாமுங்க. வாத்தியாரய்யா ஒரு கடுதாசி எழுதிப்போடோணும். மாப்பிள்ளைய எல்லாம் படிக்கச் சொல்லட்டும்... வாய்க்கால் பக்கம் மட்டும் உட வேண்டாமுன்னு."

குமாரசாமி தலை நிமிரவில்லை.

நான் கடிதம் எழுதவில்லை. ஆனால் திங்கட்கிழமை அந்தக் காலேஜ் பக்கம் நடக்கப் போனபோது, அங்குள்ள ஹாஸ்டல் சமையல்கட்டு மேட்டில் இருக்கிறதா, பள்ளத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வைத்துக்கொண்டேன்.